பூச்சிமருந்துக் கடைக்குப் போகும் முன் உர மூட்டையைப் படியுங்கள்: டர்பன் பக்கம் காய்கறி போட வருபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த வெருலத்தில் நான் முதன்முதலாக முட்டைக்கோஸ் போட்ட ஆண்டு. புரட்டாசி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுவதும் சாம்பல் தூவியது போல, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி. விரலால் தேய்த்தால் பச்சைச் சாறும் மெழுகுப் பொடியும் கையோடு வந்தன. நடு நரம்பின் ஓரத்தில் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு ஒன்று. தொட்டதும் பின்பக்கமாகத் துடித்து, நூல் விட்டுக் கீழே தொங்கியது. அதற்குள் ஏழு முறை மருந்து தெளித்திருந்தேன்.

டர்பன் தமிழ்க் குடும்பங்களில் புரட்டாசி என்றால் மாதம் முழுவதும் மீனும் கறியும் கிடையாது. காய்கறிக்கு விலை ஏறும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ‘பங்களாதேஷ்’ என்று பெயர் பெற்ற சந்தையில் நல்ல கோஸை மேசையில் வைத்தால் நின்று பேரம் பேச ஆளுக்கு நேரம் இருக்காது. அந்த மாதத்தைக் குறிவைத்துத்தான் நட்டிருந்தேன்.

பக்கத்துத் துண்டு மாமனாருடையது. அதே நாற்று, அதே வாரம் நட்டது. அதில் அசுவினியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவர் தெளித்தது ஒரே முறை.

“என்ன மருந்து அடித்தீர்கள் மாமா?” என்று கேட்டேன்.

“மருந்தை அப்புறம் கேளம்மா. நீ எத்தனை மூட்டை போட்டாய், அதை முதலில் சொல்” என்றார்.

நான் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். காய்கறிச் சந்தையைப் பார்த்து வளர்ந்தவள் என்ற மிதப்பு எனக்கு உண்டு. அந்த மிதப்புக்குக் கால் ஹெக்டேர் கோஸ் பலியானது. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

படிகளுக்குப் போகும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பூச்சியின் உடலைக் காயவைத்து நிறுத்தால் அதில் 8 முதல் 14 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கும். இலையில் பெரும்பாலும் 2 முதல் 4 சதவீதம்தான். ஆகப் பூச்சிக்கு எந்நாளும் தழைச்சத்துப் பஞ்சம். அசுவினி நாள் முழுக்கச் சாற்றைக் குடித்து, வேண்டிய கொஞ்சத்தை வைத்துக்கொண்டு, மிச்சச் சர்க்கரையைப் பிசுபிசுப்பாக வெளியே தள்ளுகிறது. நாம் உரத்தை அள்ளிப் போட்டால் செடி அதை உறிஞ்சும் வேகத்துக்குப் புரதமாக மாற்ற முடியாமல் அமினோ அமிலங்களாகச் சாற்றிலேயே ஓடவிடுகிறது. நீராகாரம் குடித்துக்கொண்டிருந்த அசுவினிக்குப் பால்சோறு கிடைத்த கதை. வெயில் நாளில் ஆண் துணையே இல்லாமல் அது குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தாயாகிவிடும். தாய்க்கு இரண்டு குட்டி கூடினாலே வட்டிக்கு வட்டி ஏறும். இலையும் தடித்து இளசாகிறது. அந்துப்பூச்சியும் செழித்த இலையாகப் பார்த்து முட்டையிடுகிறது.

இன்று கொட்டிய மூட்டை மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் பூச்சியாகக் கண்ணில் படும். இடையில் இவ்வளவு நாள் போய்விடுவதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

1. மூட்டையின் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் 19:19:19 என்றால் நூறு கிலோவில் தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) ஒவ்வொன்றும் 19 கிலோ. இங்கே கடையில் எங்கும் கிடைக்கும் மூட்டையில் 2:3:2 (22) என்று அச்சிட்டிருக்கும். முதல் மூன்றும் சதவீதம் அல்ல, விகிதம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 22தான் மூன்று சத்தும் சேர்ந்த சதவீதம். அதை ஏழு பங்காக்கித் தழைக்கு இரண்டு, மணிக்கு மூன்று, சாம்பலுக்கு இரண்டு என்று பிரிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தழைச்சத்து 6.3 சதவீதம். 50 கிலோ மூட்டையில் 3.1 கிலோ. ‘இரண்டு சதவீதம்தானே, திருஷ்டிப் பொட்டு மாதிரி’ என்று நினைத்த நான் மூன்று மூட்டையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இன்னொன்று, ஊரிலிருந்து வருபவர்கள் எல்லோரும் வழுக்குகிற இடம். இந்தியாவில் மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் ஆக்சைடு கணக்கில் எழுதுவார்கள். தென்னாப்பிரிக்காவில் தனிமக் கணக்கில் எழுதுவார்கள். இங்கே ஒரு கிலோ மணிச்சத்து என்பது அங்கே 2.29 கிலோ. சாம்பல் சத்து ஒரு கிலோ என்பது அங்கே 1.2 கிலோ. நம் ஊரில் 60 சதவீதம் என்று விற்கும் பொட்டாஷ்தான் இங்கே 50 சதவீதம் என்று விற்கிறது, சரக்கு ஒன்றே. அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பரிந்துரையைப் பார்த்து அப்படியே போடாதீர்கள்.

மேலுரத்துக்கு இங்கே எல்லோரும் வாங்குவது சுண்ணாம்பு அம்மோனியம் நைட்ரேட். அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, ‘லான்’ என்றால் போதும். தழைச்சத்து 28 சதவீதம், 50 கிலோ மூட்டைக்கு 14 கிலோ. யூரியா 46 சதவீதம், மூட்டைக்கு 23 கிலோ. யூரியா மலிவாகத் தெரியும். ஆனால் சுண்ணாம்பு போட்ட மண்ணின் மேல் தூவி, மூடாமல் விட்டால் அம்மோனியாவாகக் காற்றோடு போகும்.

ரசீதை எறியாதீர்கள். அதன் பின்பக்கம் எந்தத் துண்டு நிலம், எந்தத் தேதி, எத்தனை கிலோ என்று எழுதி ஒரு கோப்பில் போடுங்கள். பிற்பாடு பூச்சி வந்தால் முதலில் புரட்ட வேண்டிய கோப்பு அதுதான்.

2. கோழி எருவும் உரம்தான்

என்னைக் கவிழ்த்தது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எருவை மண்ணுக்குப் போடும் சீராகவே நினைத்துப் பழகிவிட்டோம். தொழுவுரமானால் அந்த நினைப்பில் பெரிய ஆபத்தில்லை. கோழி எரு அப்படியல்ல, அது மாட்டெருவைவிடப் பலமடங்கு காரம். பண்ணைக்குப் பண்ணை மாறும் என்றாலும் டன்னுக்கு 25 முதல் 30 கிலோ தழைச்சத்து இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஏறத்தாழப் பாதி முதல் பருவத்திலேயே செடிக்குக் கிடைத்துவிடும். மிச்சம் அடுத்தடுத்த பருவங்களில் மெல்ல அவிழும்.

என் கணக்கைப் பாருங்கள். கோஸுக்கு ஹெக்டேருக்கு 160 கிலோ தழைச்சத்து என்று எனக்குப் பரிந்துரை. கால் ஹெக்டேருக்கு 40 கிலோ. அந்த நாற்பதையும் லான் மூட்டையிலேயே போட்டுவிட்டேன்: மூன்று மூட்டை, 42 கிலோ. அதற்கு முன்பே 2 டன் கோழி எரு போட்டிருந்தேன், அது ஒரு 28 கிலோ. அடியுரமாக 2:3:2 மூன்று மூட்டை, 9.4 கிலோ. கூட்டினால் 79. தேவை 40.

மாமனார் இதைத் தன் சிகரெட் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் கூட்டிக் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த ஆண்டு எரு ஒரு டன்னாகக் குறைந்தது (14 கிலோ). 2:3:2 இரண்டு மூட்டை (6 கிலோ). மீதி 20 கிலோவுக்கு லான் 71 கிலோ, அதாவது ஒன்றரை மூட்டைக்கும் சற்றுக் குறைவு. முந்தைய ஆண்டு எருவின் மிச்சத்தைக் கழிக்காமல் விட்டேன். அதையும் கழித்திருந்தால் லானை இன்னும் குறைத்திருக்கலாம்.

எருவின் விலை பெரிதல்ல, கொண்டுவரும் கூலிதான் அதிகம். விலை கேட்கும்போதே ‘தோட்டத்தில் இறக்கித் தருவதோடு சேர்த்தா?’ என்று கேளுங்கள். சிறு சரக்கு வண்டியை இங்கே ‘பக்கி’ என்பார்கள். நம் ஊரில் அது வசை, முதல் மாதம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கி நிறைய என்று விலை பேசாதீர்கள், எடை கேட்டுப் பேசுங்கள். ஈர எருவில் பாதி எடை தண்ணீர்.

மக்காத எருவைப் போடவே கூடாது. வாசனைக்கு ஈக்கள் வந்து முட்டையிடும், புழுக்கள் முளைக்கும் விதையையும் இளவேரையும் தின்னும். கொத்தமல்லி, வெந்தயக்கீரை போலப் பச்சையாகச் சாப்பிடும் கீரைக்குப் பக்கத்தில் புது எரு வரவே வேண்டாம், அது வயிற்றுக்கும் கேடு. குவித்து, மூடி, இடையிடையே கிளறி மக்கவிடுங்கள்.

3. மண் மாதிரியை ஏப்ரலிலேயே எடுங்கள்

நாள் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். புரட்டாசி செப்டம்பர் நடுவில் பிறக்கிறது. குளிர்கால நடவுக்குக் கோஸ் முற்ற மூன்று, மூன்றரை மாதம் வேண்டும். அப்படியானால் ஜூன் முதல் பாதியில் நாற்று மண்ணில் இருக்க வேண்டும். எருவும் சுண்ணாம்பும் மே மாதத்தில். முடிவு கையில் இருந்தால்தான் அவற்றை அளந்து போட முடியும், ஆகவே மாதிரி ஏப்ரலில். ஆய்வகத்துக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

மாகாண வேளாண் துறையின் மண் ஆய்வகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி, சிடாராவில் இருக்கிறது. தனியார் ஆய்வகங்களும் உண்டு. கட்டணம் எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, பணம் கட்டிய சான்றை மாதிரியோடு வைத்து அனுப்புங்கள். சான்று இல்லாத மாதிரி ஓரமாகக் கிடக்கும். படிவத்தில் உங்கள் பெயர், துண்டின் எண், பரப்பு, முன்பு இருந்த பயிர், போடப்போகும் பயிர், எதிர்பார்க்கும் விளைச்சல் எல்லாம் கேட்பார்கள். விளைச்சலைப் பெருமைக்காக ஏற்றி எழுதாதீர்கள். தழைச்சத்துப் பரிந்துரை அந்த எண்ணை வைத்துத்தான் வருகிறது. ஆசைப்பட்டு எழுதிய ஒவ்வொரு டன்னுக்கும் அசுவினி பங்கு கேட்கும்.

மாதிரி எடுக்கும் முறை: ஒரு துண்டில் இருபது இடத்துக்குக் குறையாமல், கோணல்மாணலாக நடந்து, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு. எல்லாவற்றையும் கலந்து அரைக் கிலோ போதும். எருக் குவியல் கிடந்த இடம், வேலியோரம், உரம் விழுந்த வரிசை வேண்டாம். துத்தநாகம் பூசிய வாளியில் கலக்காதீர்கள், பிளாஸ்டிக் வாளி எடுங்கள். நான் தகர வாளியில் கலந்தேன். அறிக்கையில் துத்தநாகம் கொட்டிக் கிடந்தது. ‘நம் மண்ணில் இவ்வளவு சத்தா’ என்று இரண்டு நாள் சந்தோஷப்பட்டேன்.

அறிக்கை வந்ததும் இரண்டு இடத்தில் கவனம். சிடாராவில் மண்ணின் கார அமிலநிலையை (pH) பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அளக்கிறார்கள். நம் ஊரில் தண்ணீரில் அளப்பதைவிட அது ஏறத்தாழ ஒன்று குறைவாகக் காட்டும். 4.5 என்று பார்த்ததும் பதறிச் சுண்ணாம்பு லாரி பிடிக்காதீர்கள். அமிலச் செறிவு என்ற வரியையும் அவர்கள் சொல்லும் சுண்ணாம்பு அளவையும் பாருங்கள். அடுத்தது, தழைச்சத்துக்கு அவர்கள் சொல்லும் எண் பயிரின் மொத்தத் தேவை. நீங்கள் கொட்டப்போகும் எரு அந்தத் தாளுக்குத் தெரியாது. கழிப்பது உங்கள் வேலை.

4. மேலுரத்தைத் தவணையாகப் போடுங்கள்

ஒரே நாளில் போட்டால் கூலி மிச்சம். நானும் அப்படித்தான் போட்டேன். கடலோரச் செம்மணலில் ஒரு பங்கு மழையோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும். மிச்சம் ஒரே மூச்சில் இலைக்கு ஏறி, மூன்று வாரம் கழித்து அசுவினிக்கு விருந்தாகும். நட்ட மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வாரங்களில் மூன்று பங்காகப் பிரியுங்கள். கோஸ் உருண்டு இறுகத் தொடங்கிய பிறகு லான் பையைத் தொடாதீர்கள். அப்போது போடுவது எடை கூட்டுவதைவிட இலையை இளசாக்கி, அறுவடை நேரத்தில் புழுவைக் கூப்பிடும்.

பெருமழைக்கு மறுநாள் ‘எல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும்’ என்று மறுபடி தூவும் வழக்கம் இங்கே உண்டு. ஒரு வாரம் பொறுங்கள். தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளிறும். அவை பச்சையாக இருந்தால் மூட்டைக்கு வேலை இல்லை.

5. பட்டினி போட்டுப் பூச்சியை விரட்ட முடியாது

எனக்கு நடந்ததைக் கேட்ட தோழி ஒருத்தி அடுத்த பருவம் உரமே போடவில்லை. கோஸ் தேங்காய் அளவுக்குக்கூட வரவில்லை, புழுவும் போகவில்லை. சத்துக் குறைந்த இலையைத் தின்னும் புழு, அதே தழைச்சத்தைச் சேர்க்க இன்னும் அதிக இலையைத் தின்னும். வாடிய செடிக்குத் தின்றதை ஈடுகட்டித் துளிர்க்கவும் தெம்பு இருக்காது.

சாம்பல் சத்து குறைந்தாலும் அசுவினி பெருகும். அமினோ அமிலத்தைக் கோத்துப் புரதமாக்கச் செடிக்குச் சாம்பல் சத்து வேண்டும். அது இல்லாவிட்டால் தழைச்சத்து அளவாக இருந்தும் சாற்றில் அமினோ அமிலம் மிதக்கும். அமெரிக்காவில் சோயாவில் இதை நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். மணல் நிலம் வைத்திருப்பவர்கள் அறிக்கையில் அந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள்.

பீன்ஸ், காராமணி வேரில் முடிச்சு வைத்துத் தழைச்சத்தைத் தானே செய்துகொள்ளும். அதற்கு லான் போடுவது காசைக் கொடுத்து அசுவினி வாங்குவது. கத்தரியிலும் வெண்டையிலும் தழைச்சத்து மிஞ்சினால், ஆகஸ்ட் மாதத்து வறண்ட காற்றோடு செஞ்சிலந்திப் பேன் சேர்ந்துகொள்ளும். மிளகாய்க்கு இலைப்பேன்.

6. வாரம் ஒருமுறை இருபது செடி

உரக் கணக்கு சரியாக இருந்தாலும் பூச்சி வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. வடக்குக் காற்று ஒருநாள் அடித்தால் போதும், இறக்கை முளைத்த அசுவினி வந்து இறங்கும். ஆகவே எண்ணுங்கள். தோட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து இருபது செடி. ஒவ்வொன்றிலும் வெளி இலை ஒன்று, நடு இலை ஒன்று, குருத்து. அடிப்பக்கத்தைப் புரட்டுங்கள். அசுவினி உள்ள செடி எத்தனை, புழு உள்ள செடி எத்தனை என்று நோட்டில் இரண்டு எண். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் கடைசியாக லான் போட்ட தேதி. மூன்றாவது கட்டத்தில் மழை.

நானே எண்ணினால் செலவு இல்லை. ஆள் வைத்தாலும் கணக்குப் பாருங்கள்: 2025 மார்ச்சில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. அந்தக் கணக்கில் வாரம் ஒரு மணி நேரம், பன்னிரண்டு வாரம் என்றால் 345 ராண்டும் சில்லறையும். தேவையில்லாத ஒரு தெளிப்பைத் தவிர்த்தால், மருந்து, கூலி, தெளிப்பான் எரிபொருள் எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது அந்தப் பணம் திரும்பி வந்துவிடும்.

எண்ணும்போது ஊதிப் பழுப்பு நிறமாகி, இலையோடு ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கும் அசுவினிகளைத் தேடுங்கள். உள்ளே குட்டிக் குளவி வளர்கிறது. பத்து அசுவினிக்கு ஒன்றிரண்டு அப்படி இருந்தால், பொறிவண்டும் கண்ணில் பட்டால், தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். முதல் ஆண்டு நான் நான்காம் வாரமே மருந்தடித்துக் குளவியையும் பொறிவண்டையும் கொன்றுவிட்டேன். மிஞ்சியது அசுவினியும் நானும்.

7. மருந்து வாங்கத்தான் வேண்டும் என்றால்

குப்பியில் ‘1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டம்’ என்ற வரியும் ‘எல்’ எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். உர மூட்டையும் அதே சட்டத்தின் கீழ்ப் பதிவானதா என்று பாருங்கள். லேபிளின் அடியில் ஒரு வண்ணப் பட்டை இருக்கும். சிவப்பு கொடிய நஞ்சு, பிறகு மஞ்சள், நீலம், கடைசியாகப் பச்சை. உங்கள் பயிரின் பெயர் லேபிளில் இல்லையென்றால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்களை நாட்காட்டியில் வட்டமிடுங்கள்.

தெருவோரத்தில் லேபிள் இல்லாத பாட்டிலில் விற்பதைத் தொடவே வேண்டாம். 2024 அக்டோபரில் சொவேட்டோவில் ஆறு குழந்தைகள் இறந்தது டெர்புபாஸ் என்ற வேளாண் நஞ்சால்தான்.

வைரமுதுகுப் பூச்சி எந்த மருந்துக்கும் சீக்கிரம் பழகிவிடும். மருந்து பூச்சியை எந்த வழியில் கொல்கிறது என்பதைக் காட்டும் குழு எண் லேபிளில் இருக்கும், அதைப் பார்த்து அடுத்த முறை வேறு குழுவுக்கு மாறுங்கள். என் ஏழு தெளிப்பில் ஐந்து, வேறு வேறு பெயரில் ஒரே குழு. வாங்கிய கடையில் அதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாட் வரிப் பதிவு பெற்ற விவசாயிகள், விவசாயம் குறிப்பிட்ட பதிவுச் சான்றைக் காட்டினால் உரம், பூச்சிமருந்து, விதை ஆகியவற்றை 15 சதவீத வரி இல்லாமல் வாங்கலாம். சான்றின் நகலைக் கடையில் முன்பே கொடுத்துவையுங்கள். பில் போட்ட பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

8. கரும்பு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக

டோங்காட் பக்கம் கரும்பு வைத்திருக்கும் பெரியப்பா, ‘காய்கறிக்காரி எனக்கு என்ன சொல்லப் போகிறாள்’ என்றுதான் கேட்டார். ஆனால் உரமும் பூச்சியும் சேரும் கதைக்கு இந்த மாகாணத்தில், கரும்புத் தண்டைக் குடையும் எல்டானா துளைப்பானைவிட நல்ல சாட்சி இல்லை. தழைச்சத்து மிகுந்த கரும்பில் அதன் புழுக்கள் அதிகம் பிழைக்கின்றன. வறட்சியில் வாடும் கரும்பில் இன்னும் மோசம். தண்ணீர் இல்லாத நிலத்துக்கும் தண்ணீர் பாயும் நிலத்துக்கும் ஒரே அளவு போட்டால் முதல் நிலத்தில் எல்டானாவுக்குத்தான் தீனி.

இதற்கு எதிர்ப்பக்கம் சிலிகான். கரும்பு அதை நிறைய எடுத்துக்கொண்டு தண்டின் தோலில் படியவைக்கும். புழு துளைத்து உள்ளே போகத் தாமதமாகும், வெளியே அலையும் நேரத்தில் எறும்புக்கு இரையாகும். மவுன்ட் எட்ஜ்கம்மில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைகளில் கால்சியம் சிலிகேட் இட்ட கரும்பில் எல்டானா சேதம் குறைந்தது. எளிதில் தாக்கப்படும் ரகத்திலும் நீர் குறைந்த நிலையிலும் பலன் கூடுதல். அங்கேயே உர ஆலோசனைச் சேவை இருக்கிறது. மாதிரி கொடுக்கும்போது சிலிகானையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அமில மண்ணுக்கு எப்படியும் சுண்ணாம்பு வாங்கப் போகிறவர், சிலிகேட் விலையையும் ஏற்றுகூலியோடு சேர்த்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்டானா காய்ந்த சோகையின் (கரும்பு இலையின்) இடுக்கில் முட்டையிடும். சோகை உரிப்பதும், பாதித்த வயலை அடுத்த ஆண்டுக்கு நிறுத்தாமல் பன்னிரண்டு மாதத்தில் வெட்டுவதும் பழைய வைத்தியம், இன்றும் செல்லும். ஆலை உங்களுக்குப் பணம் தருவது டன்னுக்கு மட்டுமல்ல, கரும்பிலிருந்து எடுக்கக்கூடிய சர்க்கரையின் மதிப்பைக் காட்டும் ஆர்.வி. சதவீதத்துக்கும்தான். தழைச்சத்து மிஞ்சினாலும் அது இறங்கும், புழு குடைந்தாலும் இறங்கும். பெரியப்பா கணக்கை அங்கே நிறுத்தச் சொல்லி, டீ கொண்டுவரச் சொன்னார்.

9. நான்கு வரிசையை மட்டும் வேறாக விடுங்கள்

நான் சொல்வதை நம்ப வேண்டாம். உங்கள் துண்டின் நடுவில் நான்கு வரிசைக்கு லானைப் பாதியாகக் குறையுங்கள். மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கட்டும்: அதே நாற்று, அதே நாள், அதே தண்ணீர். வாரம்தோறும் எண்ணும் இருபது செடியோடு இந்த வரிசைகளிலும் பத்துச் செடி எண்ணுங்கள். அறுவடையில் தலா பத்துக் கோஸை நிறுத்து எழுதுங்கள். எடை குறைந்த அளவு, மிச்சமான லான், மிச்சமான தெளிப்பு மூன்றையும் ராண்டில் போட்டுப் பார்த்தால் அடுத்த ஆண்டுக்கு எத்தனை மூட்டை என்று உங்கள் மண்ணே சொல்லிவிடும். ஓரத்து வரிசையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வேலியிலிருந்து வரும் பூச்சி கணக்கைக் குழப்பும்.

வரிசையின் இரண்டு முனையிலும் குச்சி நட்டுத் துணி கட்டி அடையாளம் வையுங்கள். மஞ்சள் துணி மட்டும் வேண்டாம். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் மஞ்சள் என்றால் உயிர். காவடிக்கு வாங்கி மிச்சமிருந்த மஞ்சள் துணியைத்தான் நான் முதலில் கட்டியிருந்தேன்.